வெளி வன்தட்டு திரும்பத் திரும்ப ‘படிக்க மட்டும்’ நிலைக்குப் போகிறது, கணினியும் உறைகிறது: பழுது எங்கே இருக்கிறது?

#1 – ஒலிப்பேழை

அனைவருக்கும் வணக்கம். 11 ஆண்டுகளாக நான் எடுத்துவந்த பறவை ஒலிப்பதிவுகள் ஒரு 2 டெராபைட் வெளி வன்தட்டில் இருக்கின்றன. 2.5 அங்குலத் தட்டு. தனியாக வாங்கிய யுஎஸ்பி 3.0 கேசிங்கில் போட்டிருக்கிறேன். ஃபைல் சிஸ்டம், அதாவது தட்டில் கோப்புகளை அடுக்கும் முறை, இஎக்ஸ்டி4; மடிக்கணினியில் லினக்ஸ். கடந்த நான்கு மாதங்களில் மூன்று முறை ஒரே மாதிரியாக நடந்துவிட்டது. பெரிய கோப்புகளை நகலெடுத்துக்கொண்டிருக்கும்போது கோப்பு மேலாளர் பதில் சொல்லாமல் உறைந்துவிடுகிறது. விசைப்பலகையின் விளக்கு ஒரு கணம் அணைந்து மீண்டும் எரிகிறது. பிறகு பார்த்தால் வன்தட்டு ‘படிக்க மட்டும்’ நிலையில் இருக்கிறது, அல்லது அடியோடு காணாமல் போயிருக்கிறது. முதல் இரண்டு முறையும் வேறு வழியில்லாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் கணினியை அணைத்தேன்.

ஒவ்வொரு முறையும் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை, எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ என்னும் ‘ஒய்’ விருப்பத்துடன் ஓடவிட்டேன். ‘சரிசெய்யப்பட்டது’ என்று சொல்லி முடித்தது, நானும் நம்பினேன். நேற்று மூன்றாவது முறை ஓடவிட்டபின் பார்த்தால், இரண்டு ஆண்டுகளின் கோப்புறைகள் இருந்த இடத்தில் இல்லை. ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ என்ற கோப்புறைக்குள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட 312 உருப்படிகள் கிடக்கின்றன. பாதிப் பதிவுகளுக்குச் சென்ற ஆண்டு எடுத்த பேக்கப் இருக்கிறது, மீதிக்கு இல்லை. இன்னொரு முறை எஃப்எஸ்சிகே ஓடவிடலாமா? தட்டு செத்துக்கொண்டிருக்கிறதா, அல்லது இஎக்ஸ்டி4 வெளித்தட்டுக்குப் பொருந்தாததா? தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

#2 – நீள்வட்டம்

மூன்று முறை ஒரே பழுது வந்துவிட்டது என்றால் தட்டின் ஆயுள் முடிந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கிடைப்பதை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டுப் புதிய தட்டு வாங்கிவிடுங்கள். புதியதை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் எந்தக் கணினியிலும் செருகலாம்; இஎக்ஸ்டி4-இன் இந்தச் சிக்கல்களும் இருக்காது என்பது என் அனுபவம்.

#3 – வடம்

ஒலிப்பேழை அவர்களே, முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்தத் தட்டில் இனி எதையும் எழுதாதீர்கள். எஃப்எஸ்சிகே ஓடவிடுவதும் எழுதுவதுதான். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்தக் கட்டளையின் வேலை உங்கள் கோப்புகளை மீட்பது அன்று. ஃபைல் சிஸ்டத்தின் உள்கணக்கு ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே அதன் அக்கறை. ஒரு கோப்புறையின் பட்டியல் கெட்டிருந்தால், அந்தப் பட்டியலை வெட்டி எறிந்துவிட்டு, அதன்கீழ் இருந்த கோப்புகளைப் பெற்றோர் இல்லாதவையாக லாஸ்ட்+ஃபவுண்டில் கொண்டுபோய் வைத்தாலும் கணக்கு நேராகிவிடும். அதற்கு அது போதும். நமக்குப் போதாது.

இன்னொன்று. தட்டுக்கும் கணினிக்கும் நடுவே உள்ள வழியில் பழுது இருக்குமானால், எஃப்எஸ்சிகே அதே பழுதான வழியாகத்தான் படிக்கிறது, அதே வழியாகத்தான் திருத்தி எழுதுகிறது. நல்ல பகுதியைப் படிக்க முடியாமல் போனாலும் கெட்டது என்றே கருதும். பாதி எழுதும்போது இணைப்பு அறுந்தால் இன்னும் பெரிய காயம் உண்டாகும். மூன்று முறை அப்படி நடந்திருக்கிறது என்றால், அந்த 312 உருப்படிகளில் எத்தனை முதல் விபத்தால் வந்தவை, எத்தனை சரிசெய்ததால் வந்தவை என்று இப்போது பிரித்துச் சொல்ல யாராலும் இயலாது.

எனவே தட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் இரண்டு விவரங்கள் வேண்டும். ஒன்று, கடைசி விபத்து நேரத்துக் கர்னல் லாக், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி எழுதும் நிகழ்வுக் குறிப்பு; டிமெஸ்ஜி அல்லது ஜர்னல்சிடிஎல் கட்டளையில் கிடைக்கும். மற்றது, தட்டு தன் நிலையைத் தானே குறித்துவைத்திருக்கும் ஸ்மார்ட் அட்டவணை முழுதும்; ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டும். யுஎஸ்பி கேசிங் வழியாகப் பதில் வராவிட்டால் ‘டி’ விருப்பத்தில் ‘சாட்’ என்று கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கேசிங்குகள் அதற்குப் பதில் தரும். விசைப்பலகை எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். விளக்கு அணைந்தது என்று நீங்கள் போகிற போக்கில் சொன்னதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

#4 – ஒலிப்பேழை

உடனே பதில் தந்தமைக்கு நன்றி. தட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். ஸ்மார்ட் அட்டவணை எடுப்பதற்காக மட்டும் மவுன்ட் செய்யாமல், அதாவது கோப்புகளைத் திறக்கும்படி இணைக்காமல், ஒரு முறை செருகினேன்.

அட்டவணையில் 5ஆம் வரிசையான மாற்றியமைக்கப்பட்ட செக்டர் 0. படிக்கச் சிரமப்படும் செக்டர்களைச் சொல்லும் 197, 198 இரண்டும் 0. 199-உம் 0. எனக்குப் புரியாத ஒன்று, 192ஆம் வரிசையில் 214 என்று இருக்கிறது.

லாக்கை அப்படியே ஒட்டினால் நீண்டுவிடும் என்பதால் வரிசையைச் சொல்கிறேன். நகலெடுக்கத் தொடங்கி ஏறத்தாழ ஆறு நிமிடம் கழித்து, 1-2.4 என்ற எண்ணுள்ள சாதனம் துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி. அதே நொடியில் 2-2.1 துண்டிக்கப்பட்டது என்று மற்றொரு வரி. பிறகு எஸ்டிபி தட்டில் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழைகள் வரிசையாக வருகின்றன. இஎக்ஸ்டி4 தன் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் ஜர்னலைக் கைவிடுவதாகவும் ‘படிக்க மட்டும்’ ஆக்குவதாகவும் சொல்கிறது. இரண்டு நொடி கழித்துப் புதிய சாதனம் என்று அதே தட்டு எஸ்டிசி என்ற பெயரில் வருகிறது. வேறொரு நாள் லாக்கில் ‘யுஏஎஸ்’ என்று தொடங்கும் வரிகளும், சாதனத்தை ரீசெட் செய்வதாகச் சொல்லும் வரிகளும் இருக்கின்றன.

விசைப்பலகையும் வன்தட்டும் ஒரே யுஎஸ்பி ஹப்பில்தான் இருக்கின்றன. நான்கு துளைகள் கொண்ட சிறிய ஹப்; தனி அடாப்டர் கிடையாது.

#5 – கர்னல்வாசி

யுஏஎஸ் வரிகள் இருக்கின்றன என்றால் என் சந்தேகம் அங்கேதான். யுஎஸ்பி தட்டுகளோடு பேசுவதற்கு லினக்ஸில் இரண்டு டிரைவர்கள் உண்டு. பழையது யுஎஸ்பி-ஸ்டோரேஜ், ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டுமே அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும். யுஏஎஸ் என்பது பல கட்டளைகளை ஒரே நேரத்தில் வரிசையில் விடுவது, வேகம் கூடுதல். ஆனால் கேசிங்குக்குள் யுஎஸ்பியையும் தட்டையும் இணைக்கும் பிரிட்ஜ் சிப் அதைத் தாங்கும்படி ஒழுங்காக எழுதப்பட்டிருக்க வேண்டும். பல சிப்புகள் தாங்குவதில்லை. சுமை ஏறியதும் பதில் சொல்லாமல் நின்றுவிடும். கர்னல் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு ரீசெட் செய்யும். அந்தக் காத்திருப்பில்தான் கோப்பு மேலாளர் உறைகிறது. கணினி செத்துவிட்டதாகத் தோன்றினாலும், தட்டின் பதிலுக்காகக் காத்திருக்கும் செயல்முறைகள் மட்டுமே அசையாமல் நிற்கின்றன; பவர் பட்டனை அழுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருந்தால் பெரும்பாலும் திரும்பி வந்திருக்கும்.

எல்எஸ்யுஎஸ்பி கட்டளையில் அந்தக் கேசிங்கின் அடையாளம் இரண்டு நான்கெழுத்து எண்களாகக் கிடைக்கும். கர்னல் தொடக்க வரியில் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் குவிர்க்ஸ் என்ற அளவுருவுக்கு அவ்விரண்டையும் முக்காற்புள்ளியால் பிரித்துக் கொடுத்து, கடைசியில் ‘யு’ என்ற எழுத்தைச் சேர்த்தால் அந்தச் சாதனத்துக்கு மட்டும் யுஏஎஸ் நிறுத்தப்படும். ‘டி’ விருப்பத்துடன் எல்எஸ்யுஎஸ்பி ஓட்டினால் எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று தெரியும். செய்து பாருங்கள்.

#6 – வடம்

கர்னல்வாசி சொன்ன யுஏஎஸ் சிக்கல் உண்மையானது. நானும் பல கேசிங்குகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த லாக்கை ஒரு முறை கூர்ந்து படியுங்கள். 1-2.4, 2-2.1 என்ற எண்களில் முதல் இலக்கம் பஸ், அடுத்தது அந்த பஸ்ஸில் உள்ள துளை, புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஹப்பின் துளை. யுஎஸ்பி 3.0 ஹப் ஒன்று உண்மையில் இரண்டு ஹப்புகள்: பழைய வேகத்துக்கு ஒன்று, புதிய வேகத்துக்கு ஒன்று, இரண்டும் ஒரே பெட்டிக்குள். விசைப்பலகை பழைய வேகத்துப் பாதையில் இருக்கிறது, தட்டு புதிய வேகத்துப் பாதையில் இருக்கிறது. தட்டின் பிரிட்ஜ் சிப் மட்டும் தடுமாறியிருந்தால் விசைப்பலகை ஏன் அதே நொடியில் துண்டிக்கப்பட வேண்டும்? இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஹப்புக்கு வரும் 5 வோல்ட் மின்சாரம் மட்டுமே. விளக்கு அணைந்ததை நீங்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறீர்கள்.

கணக்கும் அதற்கு ஒத்துவருகிறது. யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியரும் யுஎஸ்பி 3.0 துளை 900 மில்லிஆம்பியரும் தருவதற்குத்தான் கடமைப்பட்டவை. தனி அடாப்டர் இல்லாத ஹப், அந்த 900-ஐத்தான் தானும் உண்டு மற்ற எல்லாவற்றுக்கும் பங்கிட வேண்டும். 2.5 அங்குலத் தட்டு பல, நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது 1 ஆம்பியரை நெருங்குகின்றன; எழுதும்போதும் தலைப்பகுதி இங்கும் அங்கும் ஓடும்போதும் அவ்வளவு இல்லை என்றாலும் கணிசமாக இழுக்கின்றன. கேபிள் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் வழியிலேயே மின்னழுத்தம் குறைந்துவிடும்.

நீங்கள் கேட்ட 192-க்கு வருகிறேன். இந்த அட்டவணையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். தட்டின் மின்சாரம் முன்னறிவிப்பில்லாமல் அறுந்தால், சுழற்சியில் மீந்திருக்கும் வேகத்தைக் கொண்டே அது தலைப்பகுதியை அவசரமாக ஒதுக்கிக்கொள்ளும். அப்படி ஒதுங்கிய எண்ணிக்கையைத்தான் 192 காட்டுகிறது. யுஏஎஸ் கோளாறில் நடக்கும் ரீசெட் வெறும் சமிக்ஞை. அதில் தட்டின் மின்சாரம் போவதில்லை, 192 ஏறுவதும் இல்லை. ஆகவே சோதனை எளிது. இப்போது 214, அடுத்த விபத்துக்குப் பின் ஒன்று கூடியிருந்தால் மின்சாரம், கூடாமல் இருந்தால் யுஏஎஸ் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். 199 பற்றியும் ஒரு சொல்: அது 0 என்பதால் யுஎஸ்பி கேபிள் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தட்டுக்கும் பிரிட்ஜ் சிப்புக்கும் இடையிலான சாட்டா இணைப்பைத்தான் எண்ணுகிறது. யுஎஸ்பி கேபிள் அதன் பார்வைக்கே வருவதில்லை.

ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஹப்பை ஒதுக்கிவிட்டு, குட்டையான கேபிளில் மடிக்கணினியின் துளையிலேயே நேரடியாகச் செருகி, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ கொண்டு முழுத் தட்டையும் வேறொரு பெரிய தட்டில் இமேஜாக, அதாவது பைட்டுக்குப் பைட் நகலாக, எடுத்துவிடுங்கள். மேப் கோப்பு கொடுக்க மறக்க வேண்டாம். நடுவில் நின்றுபோனால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூலத் தட்டை மவுன்ட் செய்யவே வேண்டாம். ‘படிக்க மட்டும்’ என்று மவுன்ட் செய்தாலும் இஎக்ஸ்டி4 ஜர்னலை ஓட்டித் தட்டில் எழுதும் என்பது பலருக்குத் தெரியாது. அதைத் தடுக்க ‘நோலோடு’ என்ற விருப்பமும் சேர்ந்திருக்க வேண்டும்.

#7 – குறிப்பேடு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் விண்டோஸ் மட்டுமே இருக்கிறது; எக்ஸ்ஃபேட் முறையில் உள்ள 256 ஜிகாபைட் பென்டிரைவில் இதே போல் கோப்புகள் கெடுகின்றன. முதலில் நன்றாகவே இருந்தது. ஏறத்தாழ 30 ஜிகாபைட் நிரம்பிய பிறகுதான் தொடங்கியது. செக்டிஸ்க் ‘ஆர்’ விருப்பத்துடன் ஓடவிட்டால் சரியாகுமா?

#8 – வடம்

குறிப்பேடு அவர்களே, உங்களுடையது வேறு வகை என்று நினைக்கிறேன். குறிப்பிட்ட அளவு வரை நன்றாக இருந்து அதற்குப் பிறகு மட்டும் கெடுகிறது என்றால், கொள்ளளவைப் பொய்யாகச் சொல்லும் பென்டிரைவாக இருக்க வாய்ப்பு மிகுதி. உள்ளே 32 ஜிகாபைட் சிப்பை வைத்து 256 என்று கண்ட்ரோலரைச் சொல்ல வைத்திருப்பார்கள். எல்லை தாண்டியதும் புதியது பழையதன் மேல் விழும், அல்லது எங்கும் எழுதப்படாமல் போகும். வேண்டியதை வெளியே எடுத்துவிட்டு எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டிப் பாருங்கள். லினக்ஸில் எஃப்3 என்ற கருவி அதே வேலையைச் செய்யும். முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும். தோற்றால் எந்த ஃபார்மேட்டும் அதைக் காப்பாற்றாது. செக்டிஸ்க்கை இப்போது தொடாதீர்கள். ‘ஆர்’ விருப்பம் ஒவ்வொரு செக்டரையும் படித்து, கெட்டதென்று படுவதை ஒதுக்கி எழுதிக்கொண்டே போகும்.

#9 – ஒலிப்பேழை

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். ஒரு 4 டெராபைட் தட்டு ஏற்பாடு செய்வதற்குள் பொறுமை இல்லாமல் ஒரு தவறு செய்துவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கர்னல்வாசி சொன்னபடி யுஏஎஸ்-ஐ நிறுத்திவிட்டு, அதே ஹப்பில், மூலத் தட்டுக்குப் பதிலாக அதே கேசிங்கில் ஒரு பழைய 500 ஜிகாபைட் வெற்றுத் தட்டைப் போட்டுச் சோதித்தேன். இரண்டு நாள் எந்தச் சிக்கலும் வரவில்லை. பழுது தீர்ந்தது என்று மகிழ்ந்து மூலத் தட்டையே மீண்டும் கேசிங்கில் போட்டு, ஹப் வழியாகவே டிடிரெஸ்க்யூ தொடங்கினேன். மூன்றாவது மணி நேரத்தில் விசைப்பலகை விளக்கு அணைந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், இந்த முறை பவர் பட்டனைத் தொடவில்லை. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் திரும்பி வந்தது. உடனே ஸ்மார்ட் அட்டவணை எடுத்தேன். 192 இப்போது 216. சோதனை தொடங்கும் முன் ஒழுங்காக வெளியேற்றாமல் ஒரு முறை கேபிளைப் பிடுங்கியது நினைவிருக்கிறது. மற்ற ஒன்று இந்த விபத்துதான்.

அதன் பிறகு ஹப்பைக் கழற்றிவிட்டு, ஒரு முழம்கூட இல்லாத கேபிளில் நேரடியாகச் செருகி, மேப் கோப்பின் துணையோடு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். இரவெல்லாம் ஓடிக் காலையில் முடிந்தது. படிக்க முடியாத பகுதி 0 பைட். துண்டிப்பும் ஒன்றுகூட இல்லை.

#10 – கர்னல்வாசி

தெளிவான சோதனை. நான் சொன்ன திசை இந்தப் பழுதுக்குப் பொருந்தவில்லை என்பதை ஏற்கிறேன். யுஏஎஸ் நிறுத்திய பிறகு இரண்டு நாள் நன்றாக இருந்ததற்கும் காரணம் ஊகிக்க முடிகிறது: ஒரு நேரத்தில் ஒரு கட்டளை என்று குறைந்ததும் தட்டின் வேலையும் மட்டுப்படும், இழுக்கும் மின்சாரத்தின் உச்சமும் சற்றுத் தணியும். பழைய 500 ஜிகாபைட் தட்டே குறைவாக இழுப்பதாகவும் இருக்கலாம். இப்படி எல்லைக்கோட்டில் நிற்கும் பழுதுகளில் எதை மாற்றினாலும் சிறிது நாள் குணமானது போலவே தெரியும். அந்த வேறு நாள் லாக்கில் ரீசெட் வரிகள் இருந்தனவே, அவையும் மின்னழுத்தம் முழுவதும் போகாமல் சற்றே சரிந்த வேளைகளாக இருக்கலாம்.

#11 – நீள்வட்டம்

தட்டை மாற்றச் சொன்ன என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு கேள்வி உள்ளபடியே எழுகிறது. இஎக்ஸ்டி4-இல் ஜர்னல் இருப்பதே மின்சாரம் போனாலும் கெடாமல் இருக்கத்தானே? பிறகு ஏன் இவ்வளவு சேதம்? எக்ஸ்ஃபேட்டில் எனக்கு இப்படி நடந்ததே இல்லை.

#12 – வடம்

நல்ல கேள்வி. ஜர்னல் பற்றி நம்மில் பலருக்கும் இருக்கும் நம்பிக்கை அதன் உண்மையான வேலையைவிடப் பெரியது. இஎக்ஸ்டி4-இன் இயல்பு நிலையில் ஜர்னலுக்குள் போவது உள்கணக்கு மட்டுமே. கோப்பின் உள்ளடக்கம் போவதில்லை. அந்தக் கணக்கும் இயல்பாக 5 நொடிக்கு ஒரு முறைதான் முடித்து எழுதப்படுகிறது. இது சரியாக வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: ‘இதுவரை அனுப்பியதை எல்லாம் உண்மையாகவே தட்டில் எழுதிவிட்டுச் சொல்’ என்று கர்னல் கேட்கும்போது, தட்டும் நடுவில் உள்ள பிரிட்ஜ் சிப்பும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். தட்டுக்குள் ஒரு தற்காலிக நினைவகம் இருக்கிறது. வந்ததை அதில் வாங்கிக்கொண்டு தனக்கு வசதியான வரிசையில் எழுதுவது அதன் வழக்கம். பிரிட்ஜ் சிப் அந்த ஆணையைத் தட்டுக்குக் கடத்தாமல் ‘முடிந்தது’ என்று தானே சொல்லிவிட்டால், மின்சாரம் போகும் கணத்தில் பின்னால் வர வேண்டியது முன்னால் எழுதப்பட்டிருக்கும், முன்னால் வர வேண்டியது இல்லாமலே போயிருக்கும். ஜர்னல் நம்பியிருக்கும் வரிசையே குலைந்துவிட்ட பிறகு அதனால் காப்பாற்ற இயலாது. ஒலிப்பேழையின் கேசிங் அப்படிச் செய்ததா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் மூன்று முறை பழுதான வழியிலேயே எழுதித் திருத்தியது சேதத்தைப் பெருக்கியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

எக்ஸ்ஃபேட் பற்றி: 2006-இல் வந்த அந்த முறையில் ஜர்னலே கிடையாது. ஒழுங்காக மூடப்படவில்லை என்று தெரிவிக்கும் ஒரு குறி மட்டும் உண்டு. எல்லா இயங்குதளங்களிலும் படிக்கலாம் என்பது பெரிய வசதிதான். லினக்ஸ் கர்னலிலும் 5.7 பதிப்பு முதல், அதாவது 2020 முதல், நல்ல டிரைவர் இருக்கிறது. ஆனால் மின்சாரம் அறுந்தால் அதற்கு உள்ள பாதுகாப்பு இஎக்ஸ்டி4-ஐவிடக் குறைவு. பிழை நேர்ந்ததும் ‘படிக்க மட்டும்’ ஆக்கி எழுதுவதை நிறுத்தியது இஎக்ஸ்டி4 செய்த நன்மை. சத்தம் போடாமல் தொடர்ந்து எழுதியிருந்தால் நாம் இதைவிடத் தாமதமாகத்தான் விழித்திருப்போம்.

#13 – நீள்வட்டம்

விளங்கியது, நன்றி. இன்னொன்று: மெல்லிய கேபிளால் கோப்புக்குள் இருக்கும் பிட்டுகளே மாறிவிட வாய்ப்பு உண்டா? மீட்ட பதிவுகளை நம்பலாமா?

#14 – வடம்

யுஎஸ்பி வழியாகச் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் சிஆர்சி சரிபார்ப்பு உண்டு; கெட்டு வந்தால் மீண்டும் கேட்டு வாங்கும். ஆகவே மோசமான கேபிளின் அறிகுறி வேகக் குறைவும் துண்டிப்பும் ரீசெட்டும்தான். ஓசையில்லாமல் பிட் மாறுவது அரிது. அப்படி மாறினால் நான் முதலில் கணினியின் ரேமையும், அடுத்துப் பிரிட்ஜ் சிப்பையும் ஐயப்படுவேன். சோதிக்க வழி இருக்கிறது. பெரிய கோப்பு ஒன்றுக்கு ஷா256 மதிப்பு, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண், எடுங்கள். தட்டை ஒழுங்காக வெளியேற்றி, மீண்டும் செருகி, மறுபடி எடுங்கள்; இப்படி மொத்தம் மூன்று முறை. வெளியேற்றாமல் எடுத்தால் ரேமில் தங்கியிருக்கும் நகலையே படித்துவிட்டு ‘சரி’ என்று சொல்லும். மூன்று முறையும் ஒரே மதிப்பு என்றால் படிக்கும் வழி நேர்மையானது. முறைக்கு முறை மாறினால் மெம்டெஸ்ட்86+ கொண்டு ஓர் இரவு ரேமைச் சோதிக்க வேண்டும்.

ஒலிப்பேழை அவர்களே, இனி இமேஜின் நகலில் வேலை செய்யலாம். இமேஜையும் அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு, இன்னொரு நகலில் எஃப்எஸ்சிகே-யை முதலில் ‘என்’ விருப்பத்துடன் ஓட்டுங்கள். அது எதையும் எழுதாமல் என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும். திருத்தும்போது ‘இசட்’ விருப்பத்தில் ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், மாற்றியவற்றின் பழைய நிலையை அதில் சேமிக்கும். வேண்டுமானால் இ2அன்டூ கொண்டு பின்னோக்கிப் போகலாம். லாஸ்ட்+ஃபவுண்டில் கிடக்கும் 312 உருப்படிகளில் கோப்புறைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கோப்புறை தன் பெயரைத்தான் இழந்திருக்கும். அதன் உள்ளே உள்ள கோப்புகளின் பெயர்கள் அப்படியே இருக்கும்.

#15 – ஒலிப்பேழை

இரண்டு வாரங்கள் ஆகிவிட்டன. முழுவதும் எழுதுகிறேன்.

312-இல் 19 கோப்புறைகள் இருந்தன. காணாமல் போன இரண்டு ஆண்டுகளின் பெரும்பகுதி அவற்றுக்குள் பெயர் கெடாமல் இருந்தது. திறந்து பார்த்த அந்தக் கணத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மற்ற 293 தனிக் கோப்புகள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், நேரம், எதிர்பார்க்கும் பறவை ஆகியவற்றைச் சொல்லிவிட்டு மைக்கைத் திருப்புவது என் வழக்கம். அதனால் ஒவ்வொன்றின் முதல் பத்து நொடிகளைக் கேட்டே பெயரிட முடிந்தது. இரவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் குரலையே 293 முறை கேட்டேன். ஷா256 மதிப்பும் வடம் சொன்ன முறையில் மூன்று பெரிய கோப்புகளுக்கு மும்மூன்று முறை எடுத்தேன், ஒன்றும் மாறவில்லை.

பிறகு என் கள நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். 41 பதிவுகள் எங்குமே இல்லை; பெயராகவும் இல்லை, லாஸ்ட்+ஃபவுண்டிலும் இல்லை. தேதி பார்த்தால் அவை அனைத்தும் முதல் விபத்து நடந்த மாலையில் எஸ்டி கார்டிலிருந்து நகலெடுத்தவை. நகல் முடிந்தது என்று திரையில் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் கணினி உறைந்தது. முடிந்த நகல் எப்படி இல்லாமல் போகும்?

#16 – வடம்

திரையில் முடிந்தது, தட்டில் முடியவில்லை. லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் ரேமில் வாங்கிக்கொண்டு, பிறகு சற்று ஆற அமரத் தட்டுக்கு அனுப்புகிறது. உங்கள் 41 பதிவுகளும் ரேமில் கொள்ளும் அளவாக இருந்தால் கோப்பு மேலாளரின் கோடு விரைவாகவே நிரம்பிவிடும். இஎக்ஸ்டி4 அதற்கு மேலும், தரவை எங்கே எழுதுவது என்ற முடிவையே கடைசி வரை தள்ளிப்போடுகிறது. இடையில் மின்சாரம் அறுந்தால், கோப்பு இருக்கிறது என்ற கணக்கு மட்டும் தட்டில் பதிந்து, அதன் நீளம் 0 என்றே நின்றுவிடலாம். அப்படிப்பட்ட வெற்றுக் கோப்பு கோப்புறையை இழந்து தனியாகக் கிடந்தால், அதை லாஸ்ட்+ஃபவுண்டுக்கு அனுப்பாமல் அழித்துவிடலாமா என்றுதான் எஃப்எஸ்சிகே கேட்கும். ‘ஒய்’ என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே சம்மதம் கொடுத்துவிட்டதால், கேள்வி உங்கள் கண்ணுக்கு வரவே இல்லை. எப்படியானாலும் அவற்றின் உள்ளடக்கம் தட்டைச் சென்று சேர்ந்திருக்க வாய்ப்பில்லை. இமேஜில் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

நகலெடுத்த பிறகு ‘சிங்க்’ கட்டளை கொடுத்து அது முடியும் வரை காத்திருப்பது, அல்லது ‘பாதுகாப்பாக வெளியேற்று’ என்பதைச் சொடுக்கி அனுமதி வரும் வரை காத்திருப்பது, இந்த ஓட்டையை அடைக்கும். அந்த எஸ்டி கார்டு இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

#17 – ஒலிப்பேழை

அன்று இரவே ரெக்கார்டரில் வைத்து ஃபார்மேட் செய்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு காலைப் பொழுதுகள் மட்டும் அதில் பதிவு செய்திருக்கிறேன்.

#18 – கர்னல்வாசி

கார்டை உடனே வெளியே எடுத்து, அதன் பக்கவாட்டில் உள்ள பூட்டைத் தள்ளி, டிடிரெஸ்க்யூ கொண்டு இமேஜ் எடுத்து, அந்த இமேஜின் மேல் ஃபோட்டோரெக் ஓட்டுங்கள். பெயரில் படம் இருந்தாலும் ஒலிக்கோப்புகளையும் அது அடையாளம் காணும். ரெக்கார்டர் செய்யும் ஃபார்மேட் பெரும்பாலும் பட்டியலை மட்டும் வெறுமையாக்கிவிட்டு உள்ளடக்கத்தைத் தொடாமல் விட்டுவிடும். ஃபோட்டோரெக்கால் பெயரைக் கொண்டுவர முடியாது. கோப்பின் தலைப்பகுதியை வைத்து உள்ளடக்கத்தை மட்டும் எடுக்கும். உங்களுக்கு அது தடையில்லை, குரல் இருக்கிறதே.

#19 – ஒலிப்பேழை

ஓட்டினேன். 41-இல் 26 பதிவுகள் முழுதாகத் திரும்பிவிட்டன. மீதி 15-இன் இடத்தில்தான் பின்னர் எடுத்த இரண்டு காலைப் பதிவுகள் உட்கார்ந்திருக்கின்றன. அந்த 15-இல் 9, ஒரே விடியலில் ஒரே மரத்தடியில் அடுத்தடுத்து எடுத்தவை. நோட்டுப் புத்தகத்தில் நேரமும் காற்றின் திசையும் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

இப்போதைய ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், இதே பழுதோடு பின்னால் வருகிறவர்களுக்காக. அதே தட்டு, அதே கேசிங், அதே இஎக்ஸ்டி4. மடிக்கணினியில் நேரடி இணைப்பு. யுஏஎஸ்-ஐ மீண்டும் இயக்கிவிட்டேன். ஒரு வாரமாக முழுத் தட்டையும் இரண்டு முறை எழுதி, ஒப்பிட்டுப் படித்தேன். துண்டிப்பு இல்லை, 192 இந்த நாட்களில் நகரவே இல்லை. இமேஜ் எடுத்த 4 டெராபைட் தட்டு இரண்டாவது நகலாகத் தனி அலமாரியில் இருக்கிறது. எஸ்டி கார்டுகளை இரண்டு தட்டுகளிலும் ஷா256 ஒத்துப்போன பிறகே ஃபார்மேட் செய்கிறேன். பழைய ஹப்பில் விசைப்பலகையும் மவுஸும் மட்டும் இருக்கின்றன, விளக்கு அணைவதில்லை.

இழையின் தலைப்பில் ‘தீர்ந்தது’ என்று சேர்க்கும்படி மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.